ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் ஆறுகளுக்குப் பஞ்சமே கிடையாது. லயத்துக்குப் பின்னால் ஓர் அல்லூர் ஓடும், அது போய் ஓர் ஆற்றில் விழும். அங்கே துணி துவைப்பார்கள், தூண்டில் போடுவார்கள், தீம்பாரிலிருந்து திரும்பும்போது மங்கு கழுவிய கையோடு முகம் கழுவுவார்கள். குளிக்கப் போன பையன் திரும்பி வரமாட்டான். காதலித்த பெண் ஒருநாள் கரையில் ஒதுங்குவாள். அ. ரெங்கசாமி தன் நாவலுக்கே ‘லங்காட் நதிக்கரை’ என்று பெயர் வைத்தார். கவனியுங்கள், நதி இல்லை, நதிக்கரை. இந்தக் கட்டுரையே அந்தக் ‘கரை’ என்ற சொல்லைப் பற்றியதுதான்.

ஏனென்றால், இவ்வளவு ஆறு ஓடியும் ஒன்று மட்டும் நடப்பதில்லை. யாரும் அதில் இறங்கி, நடந்து கடந்து, எதிர்க்கரையில் ஏறி, அங்கே தினமும் தெரிகிற மலைக்குப் போவதில்லை. நான் வாசித்த வரையில் சொல்கிறேன். எங்கோ ஒரு சிறுகதையில் எவனாவது போயிருக்கலாம். ஆனால் நம் புனைவின் பொதுப் பழக்கம் இதுதான்: ஆறு வரை வருவோம், அதோடு சரி.

இந்தக் கேள்வியை என் தலையில் போட்டது இலக்கியம் இல்லை, கொர்பு. ஈப்போவிலிருந்து கிழக்கே பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர் நிற்கும், தித்திவாங்சா மலைத்தொடர். அதில்தான் கூனோங் கொர்பு இருக்கிறது. 2,183 மீட்டர். தீபகற்பத்தில் தாஹானுக்கு அடுத்த உயரம், வித்தியாசம் வெறும் நாலு மீட்டர். கிந்தா ஆறு பிறப்பதும் இந்த மலைப்பக்கம்தான். உலு கிந்தா அணைப் பக்கமிருந்து ஏறுகிறார்கள். வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், காட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும், பாலமில்லாத ஆறுகளைக் காலால்தான் கடக்க வேண்டும். இப்போது நம்ம பசங்களும் பொண்ணுங்களும் நிறையப் பேர் போகிறார்கள். போய் வந்து ஃபேஸ்புக்கில் தமிழிலேயே நீளமாக எழுதுகிறார்கள். தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பேரப்பிள்ளை கொர்பு உச்சியில் நின்று தமிழில் எழுதுவது சின்ன விஷயம் இல்லை. நம் எழுத்தில் முதல்முறையாக ஒரு கூட்டமே ஆற்றைக் கடந்திருக்கிறது.

ஆனால் வாசித்தால் ஏமாற்றம்தான். உயரம், கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்குச் சேர்ந்தோம், யார் யாருக்கு நன்றி. நடுவில் ‘இயற்கை அன்னையின் மடி’ ஒருமுறை வரும். அட்டைக்கு ஒரு பத்தி கட்டாயம் உண்டு, அதை நன்றாகவே எழுதுகிறார்கள், ஏனென்றால் அட்டை பயமுறுத்தியது, கடித்தது, சிரிக்க வைத்தது. ஆற்றுக்கோ ஒரே வரி. சில்லென்று இருந்தது, கடந்தோம்.

ஆற்றை நடந்து கடந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வரியில் முடிகிற காரியமே இல்லை. முதலில் இடம் தேட வேண்டும். குறுகலான இடம் சுலபம் என்று கண் சொல்லும். கண் பொய் சொல்கிறது, குறுகின இடத்தில்தான் ஆழமும் இழுப்பும். அகலமாக, அலை சலசலவென்று உடைகிற இடம்தான் ஆழம் குறைவு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பையை விட்டுவிட்டு மனுஷன் தப்பிக்க. சப்பாத்தைக் கழற்றக் கூடாது. முகம் நீர் வருகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும், கையில் ஒரு கம்பு, ஒரு நேரத்தில் ஒரு கால்தான். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் யோசிக்க வேண்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளுகிற விசை நாலு மடங்காகிறது, அதைக் கணக்காகப் படித்தவனை விடக் காலால் படித்தவன் சீக்கிரம் நம்புகிறான். இதையெல்லாம் விட முக்கியமானது மேலே எங்கேயோ பெய்த மழை. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மேலிருந்து வெள்ளம் ஒரு சுவர் மாதிரி வரும். மலாய்க்காரர்கள் அதற்குக் ‘கெப்பாலா ஆயர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீரின் தலை. வருவது ஓர் உயிர் என்று தெரிந்தவன் வைத்த பெயர். நம் பதிவுகளில் அந்தச் சொல் ஒரு எச்சரிக்கைக் குறிப்பாக மட்டும் வருகிறது, அதை ருசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதைச் சொன்னால் ஒரு நண்பர் கோபித்துக்கொள்கிறார். ‘அவங்க என்ன எழுத்தாளருங்களா அண்ணே? லீவு நாள்ல மலை ஏறுறவங்க. விடுங்க.’ விடலாம்தான். ஆனால் நடப்பதைப் பற்றி, ஆற்றைக் கடப்பதைப் பற்றித் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் போனவர்கள் அவர்கள் மட்டும் இல்லையே. நாமும்தான். இத்தனைக்கும் இது நம் மொழியில் இல்லாத பாடமா?

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போய்ப் பரிசு வாங்கி வருகிற ஒரு கூத்தன், எதிரே வருகிற இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். கல்லூரியில் இதைப் படிக்கிறவர்கள் நன்னனின் கொடை, இசைக்கருவிகளின் பட்டியல், மலையில் கேட்கிற ஓசைகள் என்று மூன்று கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓசைப் பகுதி அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் நடுவில் இருப்பது அப்பட்டமான மலையேற்றக் குறிப்பு. தினைப்புனத்து வழியில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதே, விடிந்தபின் போ. குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்துக் கால் வை. யானையை விரட்டப் பரணில் இருப்பவன் கவண் கல் எறிவான், அது உன்மேல் படாமல் மரத்தின் மறைவில் போ. அப்புறம் நமக்கு வேண்டிய இடம் வருகிறது: வழுக்குகிற கரை, பக்கத்தில் முதலை இருக்கிற ஆழமான நீர். அங்கே கொடி சுற்றிப் படர்ந்திருப்பதைப் பிடித்துக்கொண்டு, நாணல் தண்டுகளைக் கையில் பற்றிக்கொண்டு, சறுக்காமல் கடந்து போங்கள் என்கிறான்.

எதைப் பிடிப்பது என்று சொல்கிறான் பாருங்கள். எந்தச் செடி, எந்தத் தண்டு. அழகாக இருந்தது என்று சொல்லவில்லை, கையை எங்கே வைப்பது என்று சொல்கிறான். அந்த வினைமுற்றுகள் எல்லாம் ஏவல். போங்கள், பற்றுங்கள், பாருங்கள், பார்க்காதீர்கள். ஏன் அப்படி? கேட்கிறவன் நாளைக்கே அந்த வழியில் நடக்கப் போகிறான். சொல்வது தப்பாக இருந்தால் அவன் குடும்பம் செத்துப்போகும். வர்ணனை அங்கே அலங்காரமாக வரவில்லை, பொறுப்பாக வருகிறது. நம் மலையேற்றப் பதிவுகளில் காணாமல் போனது இந்தப் பொறுப்புதான் என்று நினைக்கிறேன். பதிவைப் படிக்கிறவன் அந்த ஆற்றில் இறங்கப் போகிறவன் என்ற நினைப்பே இல்லை. அவன் லைக் போடப் போகிறவன்.

நண்பருடைய இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. விடிவதற்கு முன்னே எழுந்து பெரட்டில் நின்று, மரம் சீவி, பால் தூக்கி, எடை போட்டு, வீட்டுக்கு வந்து விழுகிற மனுஷனுக்கு மலை ஏற எங்கே நேரம், மலையேற்றமே வசதியுள்ளவன் பொழுதுபோக்கு இல்லையா என்று கேட்டார். பாதி சரி. ஆல்ப்ஸில் கயிறு கட்டி ஏறினவன் பெரும்பாலும் காசுள்ளவன். ஆனால் மலைபடுகடாத்தில் நடக்கிறவன் யார்? பசித்த கூத்தன். மனைவி, குழந்தை, தூக்க முடியாத இசைக்கருவிகள், பல நாள் பட்டினி. ஆற்றுப்படை என்ற வகையே வறுமை நடக்கிற நடைதான். ஆகவே ஏழை என்பதால் மலைக்குப் போகவில்லை என்பது விளக்கம் ஆகாது. வேறு ஏதோ வழி மறித்திருக்கிறது.

அகப்பாடலிலும் இதே கதைதான். குறிஞ்சியில் தலைவன் இரவில் மலைவழியே வருவான். வருகிற வழியில் காட்டாறு, முதலை, யானை, பாம்பு, இடி. தோழி பதறுவாள். வராதே, இல்லையென்றால் கல்யாணம் பண்ணிக்கொள் என்பாள். இந்தப் பதற்றத்துக்கு இலக்கணக்காரர்கள் ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’ என்று ஒரு துறையே வைத்தார்கள். இங்கே ஆறு என்றால் வழி. நமக்கு வழிக்கும் ஆறுதான், நதிக்கும் ஆறுதான். துறை என்றால் பாட்டின் சந்தர்ப்பம், ஆற்றில் இறங்குகிற இடமும் துறை. அடி பாட்டிலும் உண்டு காலிலும் உண்டு. இதை வைத்துச் சொல் விளையாட்டு ஆடி ஒரு தத்துவம் கட்டிவிடலாம். வேண்டாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆற்றைக் காலால் கடப்பது தமிழ்க் கவிதைக்கு வெளியே இருந்து வந்த அனுபவம் இல்லை. கப்பலேறி மலாயா வந்தபின்தான் அது நம் கையைவிட்டுப் போயிருக்கிறது.

எப்படிப் போனது?

1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார், அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. அங்கேயிருந்து முப்பது நாற்பது வருஷத்துக்குள் பேராவின் சரிவுகள் எல்லாம் நிரை பிடித்த மரங்கள். காடு என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. தோட்டத்து ஆட்கள் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். பால்மரக் காடு. அகிலன் நாவலுக்கு வைத்த தலைப்பும் அதுதான், ‘பால்மரக் காட்டினிலே’. காடு என்பது எண்ணி நட்ட மரம் என்று ஆனபின், எண்ணாமல் வளர்ந்த காட்டுக்குச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்துக்குக் கதாபாத்திரத்தை அனுப்புவது கஷ்டம். (சீ. முத்துசாமியின் ‘மலைக்காடு’ பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அதை இங்கே ஒரு பத்தியில் அடக்குவது நியாயமில்லை.)

பிறகு யுத்தம். சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும்பகுதியினர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நம்மிடம் இருக்கிற முக்கியமான நாவல். மலேசியத் தமிழன் உண்மையிலேயே ஆற்றையும் காட்டையும் மலையையும் காலால் அளந்த சந்தர்ப்பம் அது. நடை உண்டு, ஆறு உண்டு, மழை உண்டு, மலைச்சரிவு உண்டு. ஆனால் துப்பாக்கி முனையில், காலராவோடு. அந்த நடையிலிருந்து திரும்பி வந்தவன் தன் பேரனுக்கு மலையைக் காட்டி அழகு என்று சொல்வானா? ‘அங்கிட்டுப் போவாத’ என்றுதான் சொல்வான். நம் ஆட்களுக்கு இயற்கை ரசனை இல்லை, எப்போதும் தோட்டத்து ஒப்பாரிதான் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் இங்கே உள்ளவர்களும் அடிக்கடி சொல்கிறார்கள். இந்த ஒரு வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

அதற்குப் பின் வந்ததுதான் பேராவுக்கே உரியது. 1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் பின் சூன் தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960 ஜூலை வரை நீடித்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் காட்டோரத்துச் சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவனை வாசலில் நிறுத்திச் சோதனை. அரிசிக்கு அளவு. பல இடங்களில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகவே தடை, காட்டில் இருப்பவனுக்குப் போய்விடும் என்று. யோசித்துப் பாருங்கள், ஒரு தலைமுறை முழுக்க ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போவது என்பது சட்டப்படி சாகத் தயாராவது. சோற்றோடு போனால் ஜெயில், இருட்டில் போனால் குண்டு. தோழி பதறிய அதே ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’தான், முதலைக்குப் பதில் ரோந்துப் பட்டாளம். ஆனால் தோழிக்கு ஒரு பாட்டு கிடைத்தது. நமக்கு மௌனம்தான் கிடைத்தது. அந்த மௌனத்தைத்தான் நம் நாவல்கள் ‘கரை’ என்று எழுதுகின்றன என்று எனக்குப் படுகிறது. பழக்கம் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது, அவசரகாலம் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பின்பும் கதாபாத்திரம் தண்ணீரில் முழங்கால் நனைந்ததும் திரும்பிவிடுகிறது.

அதே காட்டை ஆங்கிலத்தில் எழுதினவர் ஒருவர் உண்டு. ஃப்ரெடி ஸ்பென்சர் சாப்மன். கிரீன்லாந்தில் பனியில் கிடந்தவர், 1937இல் 7,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சோமோல்ஹாரி சிகரத்தில் முதலில் ஏறியவர்களில் ஒருவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் மூன்று வருஷத்துக்கும் மேல் இந்தக் காட்டில் இருந்து தப்பித்தார். பீடோர் மலைக்காட்டு முகாம், தித்திவாங்சாவைக் குறுக்கே கடந்த கொடுமையான நாட்கள், காய்ச்சல், ஆறுகள் எல்லாம் அவர் 1949இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. ‘காடு நடுநிலையானது’ என்று அதன் தலைப்பு. காடு உன்னைக் கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை, சாவதும் பிழைப்பதும் உன் மனசைப் பொறுத்தது என்பது அவர் வாதம். மலையேறிகள் இதைப் பைபிள் மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆற்றைக் கடப்பதை, வழி தவறுவதை, ஒரு நாளில் கொஞ்ச தூரம்கூட நகர முடியாமல் போவதை எழுதுவதில் அந்த ஆளுக்கு நிகர் இல்லை. ஆனால் அதில் நமக்கு ஒரு முள் இருக்கிறது. 1942இல் ரயில் தண்டவாளங்களைத் தகர்க்க இரவில் அலைந்தபோது அவரும் தோழர்களும் போட்ட வேஷம் இந்தியத் தொழிலாளி வேஷம். தலையில் அழுக்குத் துணி, இடுப்பில் கைலி, முகத்துக்கும் கைக்கும் விளக்குக்கரி, அயோடின், காப்பி என்று கலந்து பூசின கறுப்பு. சோமோல்ஹாரி ஏறினவன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் தோட்டத் தமிழன் மாதிரி ஆனால் போதும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மலாயாக் காட்டைப் பற்றின மிகப் புகழ்பெற்ற புத்தகத்தில் நம் தோற்றம் ஓர் உடுப்பு. காடு நடுநிலையானது என்று சொல்ல அவருக்கு முடிந்தது, வேஷத்தைக் கலைக்கவும் முடிந்ததால். கலைக்க முடியாதவனுக்குக் காடு நடுநிலையாகவா இருந்தது? சயாமுக்குப் போனவனைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, நமக்கு மலையே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. தைப்பூசத்தன்று ஈப்போவில் நின்று பாருங்கள். புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பி கூனோங் செரோவில் உள்ள கல்லுமலைக் கோயிலுக்கு ஆயிரமாயிரம் பேர் நடக்கிறார்கள், காவடியும் பால்குடமும் சுமந்து. சுங்கை பாரி என்றால் பாரி ஆறு. ஆற்றங்கரையிலிருந்து மலைக்கு, வெறுங்காலில். வருஷா வருஷம் நாம் செய்கிற மலைப்பயணம் இதுதான், கொர்பு பதிவர்களின் பாட்டி ஒருவேளை பல முறை செய்தது. இதை நம் கதைகள் எழுதவில்லை என்று சொல்ல முடியாது, ஏராளமாக எழுதியிருக்கின்றன. ஆனால் அந்த எழுத்தில் மலை முருகனுக்கு வீடாக இருக்கிறது, மலையாக இல்லை. கல் எப்படி இருந்தது, எங்கே ஈரம் கசிந்தது, குகைக்குள் என்ன வாசனை என்று வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை. 1973 அக்டோபரில் அதே கூனோங் செரோவில் பாறை சரிந்து விழுந்தது. மலையடியில் குடியிருந்த ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். மலை கல்லால் ஆனது என்று அன்றைக்கு அது தானே சொன்னது. இதை மையமாக வைத்து ஒரு நாவல் வந்திருக்க வேண்டும். ஈப்போக்காரர்கள் யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

இன்னும் ஒரு ஆளைப் பற்றிப் பேசவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை என்பதுபோல இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு வந்தோம், அங்கே தெமியார் மக்கள் இருக்கிறார்கள். பேரா–கிளந்தான் மலைமுகட்டின் இரண்டு பக்கமும். சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வழியாக உள்ளே போனால் அவர்கள் ஊர்கள். நம் தோட்டங்களுக்கு மேலே, அதே ஆற்றின் மேல்பகுதியில். நாம் துணி துவைத்த தண்ணீர் அவர்கள் ஊரைத் தாண்டி வந்த தண்ணீர். நம் கதைகளில் அவர்கள் வருவது அபூர்வம். வந்தாலும் மூலிகை விற்க, அல்லது மந்திரம் வைக்க. ‘சக்காய்’ என்ற அந்த இழிசொல்லோடு.

மரினா ரோஸ்மன் என்ற இசை ஆய்வாளர் தெமியார் பாடல்களைப் பற்றி 1991இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று: தெமியார் மொழியில் கனவில் வந்து ஆவி கொடுக்கிற பாட்டுக்கு ‘நோங்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வழி, பாதை என்று பொருள். மலையின் ஆவி, ஆற்றின் ஆவி, பழமரத்தின் ஆவி ஒருவன் கனவில் வந்து ஒரு பாதையைக் கொடுக்கிறது. அவன் பாடுவான், பெண்கள் மூங்கில் குழாய்களை இணை இணையாகத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பின்தொடர்வார்கள், காட்டில் முன்னால் போகிறவன் பின்னாலேயே நடப்பதுபோல. பாட்டும் பாதையும் ஒரே சொல். ஆற்றுப்படை எழுதின மொழிக்காரனுக்கு இது புரியாமலா போகும்? ஒரே ஆற்றின் மேலும் கீழும் நூறு வருஷம் இருந்திருக்கிறோம், இந்த ஒரு சொல்லைப் பரிமாறிக்கொள்ளவில்லை. அவசரகாலத்தில் நம்மை முள்வேலிக்குள் வைத்தபோது அவர்களையும் மலையிலிருந்து இறக்கி அடைத்தார்கள், நிறையப் பேர் செத்தார்கள். இதையெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக வாசிக்கிறோம். ஒரே நாவலில் வாசித்ததில்லை.

கொர்பு பதிவுகளுக்குத் திரும்புகிறேன். அவற்றில் பலவற்றில் ‘கைடு’ என்று ஒருவர் வருகிறார். சில சமயம் ஓராங் அஸ்லிக்காரர். எல்லோருக்கும் முன்னால் ஆற்றில் இறங்கிக் கயிறு கட்டுகிறவர் அவர்தான், படத்தில் ஓரமாக இருப்பவரும் அவர்தான். அவர் ஆற்றை எப்படிப் பார்த்தார், எங்கே நின்றார், எவ்வளவு நேரம் பேசாமல் தண்ணீரைப் பார்த்துவிட்டு இந்த இடம் வேண்டாம் மேலே போவோம் என்றார், அந்த ஆற்றை அவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார், இது ஒன்றுமே எழுத்தில் வராது. நூறு ஃபோட்டோ வரும். அந்த இரண்டு நிமிஷ மௌனத்தை ஒருத்தர் எழுதினால், மலேசியத் தமிழில் ஆறு முதல்முறையாகக் கடக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

மலைபடுகடாத்தில் இதற்கும் ஓர் இடம் உண்டு. வழி தவறினால் உங்கள் கருவியை வாசியுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வருவார்கள், சரியான வழியைக் காட்டுவார்கள் என்கிறான் கூத்தன். இன்னோரிடத்தில் மலைச் சீறூரைப் பற்றிச் சொல்கிறான்: வாசலில் தயங்கி நிற்காதீர்கள், உங்கள் வீட்டுக்குள் போவதுபோல நுழையுங்கள், அவர்களும் உறவுக்காரர்களைப் போல நல்ல வார்த்தை சொல்லிச் சோறு போடுவார்கள். இறைச்சியும் தினைச்சோறும் என்று சாப்பாட்டுப் பட்டியலும் தருகிறான்.

அந்த அடிகளை இப்போது பேராவில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறு மாதிரி கேட்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டமாகி, நம் ஆட்களுக்கே லயத்து வீடு ‘உங்கள் வீடு’ இல்லை என்று நோட்டீஸ் வந்தது. மேலே, தெமியாருக்கு அவர்கள் மூதாதையர் நிலம் அவர்களுடையதா இல்லையா என்ற வழக்குகளும் வழிமறியல்களும் இன்னும் ஓயவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு போனவன், அந்தப் பக்கம் வீடு போகிறவனுடைய வாசலில் போய் நிற்கிறான், முதுகில் அறுபது லிட்டர் பை, கையில் ஃபோன். உள்ளே வா என்று அவர்கள் கூப்பிட்டால் இவன் என்ன மொழியில் பதில் சொல்வான், அவர்கள் இவனை யார் என்று நினைப்பார்கள், தோட்டத்துத் தமிழன் என்று தெரியுமா, தெரிந்தால் பழைய கதை ஏதாவது அவர்களிடம் இருக்குமா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நம் தாத்தாக்களைப் பற்றி மலையிலிருந்து பார்த்துச் சொல்லப்பட்ட கதைகள் அங்கே இருக்கும். போய்க் கேட்கிறவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கேட்கட்டும்.